கூரைப் புடவை

போன மாசம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வர்றாங்கன்னு ஸ்டோர் ரூமைக் காலி பண்ணினப்ப ஒரு நீல ஃபைல் கிடைச்சுது. தீபாவளி லைட்டு, ஓடாத ரைஸ் குக்கர், தம்பியோட ராணுவ சேவை பூட்ஸ், எல்லாத்துக்கும் அடியில கெடந்துச்சு. தொறந்தா முழுக்க ஏ4 பேப்பர், ரெண்டு பக்கமும் பிரிண்ட் எடுத்தது, இடது மூலையில ஸ்டேப்ளர், ஒவ்வொரு கட்டுக்கும் மேல அப்பா கையெழுத்துல தேதி. 1999-ல ஆரம்பிச்சு 2002 வரைக்கும் இருக்கு. அத்தனையும் நான் ஆபீஸ்ல யாருக்கும் தெரியாம பிரிண்ட் எடுத்து அப்பாவுக்குக் கொண்டுவந்து குடுத்த இணைய இதழ்கள்.

இந்த இணையப் பத்திரிகைகளோட ஆரம்ப காலத்தைப் பத்தி யார் எழுதினாலும் வேகத்தைப் பத்தித்தான் எழுதுவாங்க, யார் முதல்ல போட்டா, எத்தனை நிமிஷத்துல போட்டான்னு. அது உண்மைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா எங்க வீட்ல அந்தச் சரித்திரம் வேகத்துல இல்ல, ஒரு றகரத்துல இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் உக்காந்து டைப் பண்றேன்.

அப்பா கம்பாசிட்டர். சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னாடி ஒரு சந்துல சின்ன பிரஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்கத்து ஆண்டு மலர்னு அடிக்கிற இடம். 17 வயசுல ஈய எழுத்து கோக்க உக்காந்தவர், ஆஃப்செட் வந்ததுக்கு அப்புறம் அதே பிரஸ்ல புரூஃப் பாத்தார், பிரஸ் மூடினதும் வீட்ல உக்காந்துட்டார். உக்காந்தவர் சும்மா இருப்பாரா, காலையில தமிழ் முரசு வந்தா சிவப்புப் பேனாவோடதான் படிப்பார். சாயந்திரம் கோப்பிக்கடையில கூட்டாளிங்ககிட்ட அதைக் காட்டுவார், அவங்க அரசியல் பேசிக்கிட்டு இருப்பாங்க, இவர் ஒற்று எங்க மிகும்னு பேசுவார்.

1999-ல நான் ஒரு சரக்குக் கம்பெனியில அட்மின் வேலை. சிம் லிம் ஸ்குவேர்ல தவணைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன், 56கே மோடம், அது கத்துற கத்தல்ல பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பாப்பாங்க. லைன் கிடைச்சு ஒரு பக்கம் பாதி எறங்கியிருக்கும், அம்மா தெரியாம ஹால்ல ஃபோனைத் தூக்கிடுவாங்க, போச்சு, மறுபடி முதல்ல இருந்து. பெரியம்மா ஜோகூர்ல இருந்து ரெண்டு மணி நேரமா கூப்பிட்டும் எங்கேஜாவே இருக்குன்னு கோவிச்சுக்கிட்டதும், ஃபோன் பில்லைப் பாத்து அம்மா என்னைப் பாத்ததும், இதெல்லாம் அந்தக் காலத்துல நெட் வச்சிருந்த எல்லா வீட்லயும் நடந்த கதைதான், விடுங்க.

அப்பாவுக்கு ஸ்க்ரீன்ல படிக்கப் பிடிக்கல. அந்தக் கனமான டப்பா மானிட்டர் முன்னாடி ரெண்டு நிமிஷம் உக்காந்தார், "எழுத்து நடுங்குதுமா"ன்னு எழுந்து போயிட்டார். அதனாலதான் ஆபீஸ் பிரிண்டர். முதல் நாள் என்ன ஆச்சுன்னா, வீட்ல நல்லாத் தெரிஞ்ச பக்கத்தை ஃப்ளாப்பியில சேவ் பண்ணி எடுத்துட்டுப் போனேன், மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் பிரிண்ட் குடுத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஃபான்ட் இல்லைங்கிறது தோணவே இல்ல. நாப்பது பக்கம், அத்தனையும் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் தலையில கொம்பு முளைச்ச எழுத்துமா வந்து விழுது, நிறுத்தவும் தெரியல. சாப்பிட்டுட்டு சீக்கிரம் வந்த கூட வேலை பாக்குற பொண்ணு, அந்த மார்ச்லதான் மெலிஸா வைரஸ் உலகத்தையே ஒரு கலக்கு கலக்கியிருந்துச்சா, "வைரஸ்! வைரஸ்!"னு கத்தி பிரிண்டர் ஒயரையே பிடுங்கிட்டா. அந்த நாப்பது பக்கத்தையும் பையில திணிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா அந்தக் குப்பையைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்தார். சிரிப்பார்னு நெனச்சேன். "கேஸ் மாறிப்போச்சு"ன்னார்.

கம்பாசிட்டர் முன்னாடி ஒரு மரப்பெட்டி சாய்ச்சு வச்சிருக்கும், குழி குழியா, அதுக்குத்தான் கேஸ்னு பேரு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு எழுத்து. கை பாக்காமலே போகும், கண்ணு கையெழுத்துப் பிரதியில இருக்கும். ஒரு பிரஸ்ல இருந்து இன்னொரு பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போனா கேஸ் அடுக்குன முறை கொஞ்சம் மாறியிருக்கும், முதல் வாரம் கை பழைய குழிக்கே போகும், 'ம' எடுக்கப் போய் 'ய' எடுத்துக்கிட்டு வரும். அந்த வாரம் முதலாளி திட்டுற வாரம்னு சொல்வார். கம்ப்யூட்டர் ஃபான்ட்ல நடந்ததும் அச்சு அசலா அதேதான். எழுத்துன்னு நாம நெனைக்கிறது உள்ள வெறும் குழி நம்பர், எந்த நம்பர்ல எந்த எழுத்துங்கிறதை அவங்கவங்க இஷ்டத்துக்கு அடுக்கி வச்சிருந்தாங்க. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு ஃபான்ட், ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒரு அடுக்கு. நான் பத்து வருஷம் கம்ப்யூட்டர் பழகி புரிஞ்சுக்கிட்டதை அவர் ஒரு பார்வையில சொல்லிட்டார்.

அந்த அடுக்கை ஒண்ணாக்கணும்னு முதல்ல கூடிப் பேசினது நம்ம ஊர்லதான்ங்கிறது எனக்கு இப்பவும் ஒரு பெருமை. நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்துல தமிழ் சொல்லிக்குடுத்தவர், சிறுகதை எழுத்தாளர், கணியன்னு ஒரு தமிழ் மென்பொருள் செஞ்சவர். 1995 அக்டோபர்ல சிங்கப்பூர்க் கவிதைகளை நாலு மொழியிலயும் நெட்ல ஏத்தினாங்க, அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவச்சார், அதுல தமிழ் தமிழ் எழுத்துலயே தெரிஞ்சதுன்னா அது அவரு வேலை. அந்த வருஷம் உலகத்துல பெரிய பத்திரிகைங்களே அப்பதான் நெட்டுக்குள்ள கால வச்சுக்கிட்டு இருந்தாங்க, இந்து பத்திரிகை நெட்ல வந்தது 1995, இங்க ஏஷியாஒன்ங்கிற செய்தித் தளம் வந்ததும் 1995. அப்புறம் 1997 மே மாசம் தமிழ்நெட் 97ன்னு மாநாடு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக டான் டின் வீயும் இவரும் முன்னால நின்னு நடத்தினது. 1999 பிப்ரவரியில சென்னையில அடுத்தது, அங்கதான் டாம், டாப்னு ரெண்டு அடுக்கு முடிவாச்சு, ஏற்கெனவே டிஸ்கின்னு இன்னொண்ணு இருந்துச்சு, ஆக ஒண்ணாக்கப் போய் மூணாச்சு, நம்ம ஆளுங்க வழக்கம். அதே 1999 மே மாசம் கோவிந்தசாமி காலமானார். ஒலி 96.8ல செய்தி கேட்டுட்டு அப்பா அன்னைக்கு சிவப்புப் பேனாவை எடுக்கல.

யூனிகோடுல தமிழுக்கு 1991-லயே இடம் இருந்துச்சு, ஆனா விண்டோஸ் 2000 லதா ஃபான்ட்டோட வர்ற வரைக்கும் சாதாரண ஜனங்க கம்ப்யூட்டர்ல அதைக் கண்ணால பாக்க முடியாது. அதுவரைக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் போனதும் முதல்ல ஃபான்ட்டை எறக்கு, அப்புறம் படி. பேப்பர்காரன் பேப்பரையும் குடுத்து கூடவே கண்ணாடியும் குடுக்குற மாதிரி.

அந்த நாப்பது பக்கக் கூத்துக்கு அப்புறம் ஃபான்ட்டை ஃப்ளாப்பியில போட்டு எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சேன். வாரத்துக்கு ஒரு கட்டு. திண்ணை வாரா வாரம் வரும், 1999-ல ஆரம்பிச்சது, வெளிநாட்டுல வேலை பாத்துக்கிட்டே சொந்த நேரத்துல நடத்துனாங்க. ஆறாம்திணை இருந்துச்சு, அம்பலம் இருந்துச்சு, அதுக்கு சுஜாதா ஆசிரியர். கனடாவுல இருந்து பதிவுகள். ஈழத்துச் செய்திக்கு 1997-லேர்ந்தே தமிழ்நெட்ங்கிற தளம், அந்த மாநாடு வேற, இது வேற. பேரைக் கவனிச்சீங்களா, திண்ணை, அம்பலம், கொஞ்ச நாள் கழிச்சு மரத்தடி, எல்லாம் ஊர்ல நாலு பேர் உக்காந்து பேசுற இடம். குறிஞ்சி முல்லைன்னு நிலத்துக்கு ஒரு திணை இருக்கிறப்ப, நிலமே இல்லாத இடத்துக்கு ஆறாவதா ஒரு திணைன்னு பேர் வச்சவங்களை நான் இப்பவும் கும்பிடுவேன். அமெரிக்காவுல பெரிய வெப் பத்திரிகைங்க எதுன்னு அப்பா ஒரு நாள் கேட்டார், சலோன்னு ஒண்ணு 1995-ல ஆரம்பிச்சிருக்காங்கப்பான்னேன். "சலூனா? முடிவெட்டுற கடையா?" இல்லப்பா, பெரிய வீட்ல விருந்தாளிங்க உக்காந்து பேசுற கூடம்னு அர்த்தம். "சலூன்லயும் அதானே நடக்குது, கூடவே பேப்பரும் கிடக்கும்"னார். திருத்த மனசு வரல.

இன்னொண்ணு ஸ்லேட். 1996 ஜூன்ல மைக்ரோசாஃப்ட் பணத்துல மைக்கேல் கின்ஸ்லி ஆரம்பிச்சது. ஆரம்பத்துல அதுல ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்க எண் போட்டாங்க, வெப்ல! காகிதப் பதிப்புன்னு ஒண்ணும் எடுத்து ஸ்டார்பக்ஸ் கடைங்கள்ல வித்தாங்க. இதை வச்சு இன்னைக்கும் அவங்களைக் கேலி பண்றவங்க உண்டு. நான் பண்ண மாட்டேன், ஏன்னா எங்க கோப்பிக்கடையில திண்ணையோட காகிதப் பதிப்பு ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சே, ஆசிரியர் குழுவுக்கே தெரியாம! அப்பா படிச்சு முடிச்சதும் அந்தக் கட்டு இன்னொரு அங்கிள்கிட்ட போகும், அவர்கிட்ட இருந்து தேக்காவுல வெத்தலை விக்கிறவர்கிட்ட போகும், கோப்பிக் கறையோட திரும்பி வரும். ஃபைல்ல சில பக்கத்துல வட்ட வட்டமா இருக்கு.

கட்டு கைமாற ஆரம்பிச்ச புதுசுல அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு பெர்மிட் எடுத்திருக்காங்களா?" பிரஸ்ல வேலை பாத்தவர் வேற என்ன கேப்பார், 1974 சட்டப்படி இங்க பேப்பர் நடத்துறதுக்கு வருஷா வருஷம் பெர்மிட் வேணும், அச்சு மெஷின் வச்சிருக்கவும் லைசென்ஸ் வேணும். நெட்டுக்கு வேற வழி பண்ணாங்க, 1996 ஜூலையில ஒலிபரப்பு ஆணையம் ஒரு வகுப்பு உரிமம்னு கொண்டுவந்துச்சு, யார் தளம் வச்சாலும் தானாவே உரிமம் உண்டு, ஆனா அரசியல், சமயம் பேசுற தளமா இருந்தா பதிவு பண்ணச் சொல்லலாம். டான் சோங் கீ 1994-ல ஸ்டான்ஃபோர்டுல படிக்கிறப்ப ஆரம்பிச்ச சின்டர்காம்ங்கிற தளத்தை அப்படித்தான் 2001-ல பதிவு பண்ணச் சொன்னதும் மூடிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் 1999 நவம்பர்ல மலேசியாகினிங்கிற செய்தித் தளம் வந்துச்சு, அது தாக்குப்பிடிச்சுருச்சு, இன்னைக்கு வரைக்கும் இருக்கு. இதுல நான் நெறையப் பேசலாம், பேசினா இந்தக் கட்டுரை வேற ஊருக்குப் போயிடும். அப்பாகிட்ட "பெர்மிட்லாம் வேணாம்பா"ன்னேன், அவர் நம்பல, கட்டைத் துண்டுல சுத்தித்தான் ரொம்ப நாள் எடுத்துட்டுப் போனார்.

இப்ப அந்த றகரத்துக்கு வர்றேன். 2000-ல ஒரு இணைய இதழ், பேர் வேணாம், ஊர்க் கல்யாணச் சடங்குகளைப் பத்தி ஒரு அருமையான கட்டுரை போட்டிருந்தாங்க. அப்பா முதல் பக்கத்துலயே பேனாவை வச்சு ரெண்டு வட்டம் போட்டார். 'கூரைப் புடவை'ன்னு இருக்கு. "கல்யாணப் பொண்ணு வீட்டுக் கூரையை எடுத்தா கட்டிக்கிட்டு வந்தா?" கூறைன்னு இருக்கணும், வல்லின ற. ஈய எழுத்துல இந்தத் தப்பு வராதாம். அங்க ர-வுக்கும் துணைக்காலுக்கும் குழப்பம் வரும், ரெண்டும் பாக்க ஒண்ணு போல இருக்கும், இல்லைன்னா எழுத்து தலைகீழா நிக்கும். ரகரத்துக் குழி வேற, றகரத்துக் குழி வேற, கை தவறாது. கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் வழியா தமிழ் அடிக்கிறப்ப சின்ன ஆர் போட்டா ர, ஷிஃப்ட்டை அமுக்கிப் பெரிய ஆர் போட்டா ற. ஷிஃப்ட்ல இருந்து சுண்டுவிரல் கொஞ்சம் சீக்கிரம் எழுந்துட்டா கூறை கூரையாயிடும். மெஷின் மாறினா தப்பும் மாறுதுன்னு அப்பா அதுல ஒரு சந்தோஷமே பட்டார்.

ஓரத்துல 'திருத்தச் சொல்'னு எழுதியிருந்தார். சும்மா ஒரு பேச்சுக்கு ஆசிரியருக்கு ஒரு மெயில் போட்டேன், இங்கிலீஷ் எழுத்துலயே தமிழைத் தட்டி, என் அப்பா சிங்கப்பூர்ல கம்பாசிட்டரா இருந்தவர், உங்க பத்திரிகையை விரும்பிப் படிக்கிறார், இந்த மாதிரின்னு. மறுநாள் காலையில பதில், அப்பாவுக்கு நன்றி சொல்லுங்க, மாத்தியாச்சுன்னு. போய்ப் பாத்தா நிஜமாவே 'கூறைப் புடவை'. அன்னைக்கே இன்னொரு பிரிண்ட் எடுத்துட்டு வந்து குடுத்தேன். பெரிய சாதனை பண்ணின மாதிரி நின்னுக்கிட்டு இருக்கேன், அவர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தார். தேதி அதே தேதி. எங்கயும் மாத்தினதுக்கு அடையாளம் இல்ல.

"அப்ப நேத்து படிச்சவன்?"

எனக்குப் புரியல. அவர் விளக்கினார். புஸ்தகம்னா கடைசியில பிழை திருத்தம்னு ஒரு தாள் ஒட்டுவோம், எந்தப் பக்கம், எந்த வரி, பிழை என்ன, திருத்தம் என்ன. அவமானம்தான், ஆனா சாட்சி இருக்கும். நேத்து கூரைன்னு படிச்சவன் அதான் சரின்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டான், இன்னைக்குப் படிக்கிறவனுக்கு அப்படி ஒரு தப்பு நடந்ததே தெரியாது, ரெண்டு பேரும் ஒரே பத்திரிகையைத்தான் படிச்சோம்னு சண்டை போட்டா யார் கையில ஆதாரம் இருக்கு?

அவர் இதைச் சொன்னப்ப அமெரிக்காவுல பெரிய பெரிய ஆசிரியர்களே இதே இடத்துல முட்டிக்கிட்டு நின்னாங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. டல்லஸ் மார்னிங் நியூஸ் 1997 பிப்ரவரியில ஓக்லஹோமா குண்டுவெடிப்பு வழக்குல மாட்டியிருந்த மெக்வே தன் வக்கீல்கிட்ட குற்றத்தை ஒத்துக்கிட்டான்ங்கிற செய்தியை, மறுநாள் பேப்பர் வர்ற வரைக்கும் பொறுக்காம நெட்ல போட்டுட்டாங்க, தன் பேப்பரைத் தானே முந்திக்கிட்ட கதை. அடுத்த வருஷம் ஜனவரி 17, மேட் டிரட்ஜ்னு ஹாலிவுட்ல ஒரு அபார்ட்மென்ட்ல உக்காந்துக்கிட்டு இருந்தவர், நியூஸ்வீக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சுக்கிட்டு இருந்த அதிபர் கிளின்டன்-மோனிகா விவகாரத்தைப் போட்டு உடைச்சார். எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. எனக்கு முக்கியமாப் படுறது அதுக்குப் பத்து நாள்ல நடந்தது. அதே டல்லஸ் பத்திரிகை, அதே விவகாரத்துல ஒரு சாட்சி இருக்கிறதா ராத்திரி நெட்ல ஒரு செய்தி போட்டு, சில மணி நேரத்துல, தகவல் சொன்னவர் பின்வாங்கினதும் அதைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள டிவி வரைக்கும் போயிருச்சு. மெஷினை ஓட விட்டாச்சுன்னா முடிஞ்சதுன்னு நானூறு ஐநூறு வருஷமா இருந்த ஒரு தொழில்ல, முடிஞ்சதுங்கிற வார்த்தையே அந்த ரெண்டு மூணு வருஷத்துல காணாமப் போச்சு. அப்பா அதை ஒரு புடவையில கண்டுபிடிச்சார், அவ்வளவுதான் வித்தியாசம். நான் ரொம்பப் பெருமை அடிக்கிறேன்னு தெரியுது, அடிச்சுட்டுப் போறேன்.

அதுக்கப்புறம் காசு விஷயம். 1994 அக்டோபர்ல ஹாட்வயர்டுங்கிற தளம் பேனர் விளம்பரம்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சதுல இருந்து, விளம்பரம் சோறு போடும்னு எல்லாரும் நம்புனாங்க. ஸ்லேட் 1998-ல சந்தா கேட்டுப் பாத்துச்சு, மறு வருஷமே வேணாம்னு விட்டுருச்சு. 2000, 2001-ல டாட்காம் பலூன் வெடிச்சதும் சக், ஃபீட்னு நல்லா எழுதுன தளங்கள் ஒரே மாசத்துல நின்னுச்சு. தமிழ்லயும் கம்பெனி மாதிரி ஆபீஸ் போட்டு ஆரம்பிச்சதுங்க ஒவ்வொண்ணா போச்சு, சொந்த நேரத்துல நடத்துனவங்க தாக்குப்பிடிச்சாங்க. 2002-ல என் ஆபீஸ்ல பிரிண்டருக்குப் பாஸ்வேர்டு போட்டாங்க, கோப்பிக்கடைப் பதிப்பும் அதோட நின்னுச்சு.

ஃபைல் கிடைச்ச அன்னைக்கு ராத்திரி அந்தக் கல்யாணக் கட்டுரையைத் தேடினேன். தளம் இல்ல, அந்தப் பேருக்கு இப்ப வேற யாரோ ஷூ விக்கிறாங்க. வேபேக் மெஷின்ல பாத்தேன், இன்டர்நெட் ஆர்கைவ் 1996-லேர்ந்து சேர்த்து வைக்கிறாங்களே. அந்த இதழ் இருக்கு, அட்டைப் படம் இல்ல, கட்டுரை இருக்கு, ஆனா தொறந்தா அதே கொம்பு முளைச்ச எழுத்து, ஆபீஸ் பிரிண்டர்ல வந்த அதே குப்பை. எங்கெங்கயோ தேடி ஒரு கன்வெர்ட்டர் பிடிச்சு யூனிகோடுக்கு மாத்தினேன், பாதி எழுத்து சரியா வந்துச்சு, கொம்பும் காலும் எடம் மாறி நிக்குது. புடவை வர்ற வரி கூறையான்னு தேடினா, றகரம் இருந்த எடத்துல ஒரு கேள்விக்குறி. நம்ம தேசிய நூலகமும் 2006-லேர்ந்து தளங்களைச் சேமிக்குது, 2019-லேர்ந்து டாட் எஸ்ஜின்னு முடியுற சிங்கப்பூர்த் தளம்னா கேக்காமலே எடுத்து வைக்கலாம்னு சட்டமும் வந்திருச்சு, ஆனா அந்தப் பத்திரிகை நம்ம ஊருதில்லையே. ஆக இப்போதைக்கு கூரைன்னு ஒரு பதிப்பும் கூறைன்னு ஒரு பதிப்பும் இருந்ததுக்கு நான் பாத்த வரைக்கும் இந்த நீல ஃபைல்தான் சாட்சி.

அப்பாவுக்கு இப்ப 84. ஐபேட்ல எழுத்தைப் பெருசு பண்ணி வச்சுக்கிட்டுப் படிக்கிறார், தப்பு வந்தா விரலால ஸ்க்ரீன்ல வட்டம் போடுறார், அது பக்கத்தைத் தள்ளிவிட்டுருது, அதுக்கும் திட்டு. ஃபைலைக் கொண்டுபோய் மடியில வச்சேன். கோப்பிக் கறையெல்லாம் தடவிப் பாத்தார், யார் யார் கறைன்னு பேர் சொன்னார், பாதிப் பேர் இப்ப இல்ல. கூரைத் தாளைப் பாத்து சிரிச்சார். அப்புறம் திருத்தின தாளை எடுத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முதல் வரியில இருந்து படிக்க ஆரம்பிச்சார். நான் அடுப்பை அணைச்சுட்டு வர்றதுக்குள்ள முகம் மாறியிருந்துச்சு.

"இங்க பாரும்மா. மணவரைன்னு போட்டிருக்கான். மணவறை. அதே ற. அன்னைக்கு எப்படி விட்டேன்?"

பேனா கேட்டார். சிவப்பு இல்ல, நீலம்தான் இருந்துச்சு. வட்டம் போட்டுட்டு, கை நடுங்க நடுங்க ஓரத்துல எழுதி என்கிட்ட நீட்டினார்.

"ஒரு மெயில் போட்டுரு. நல்ல ஆளுங்க, உடனே மாத்திருவாங்க."

சரிப்பான்னு வாங்கிக்கிட்டேன்.